போல் பொசிஷன்: ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் வலப்பக்கமே போகிறது

வணக்கம். நாம்கோவின் 1982 கார் பந்தய ஆர்கேட் கேம் போல் பொசிஷன், நின்று ஆடும் கேபினெட். ஸ்கிரீன், சத்தம், கியர், ஆக்ஸிலரேட்டர் எல்லாம் சரி. ஸ்டீயரிங் மட்டும்தான் தகராறு.

1986-இல் வந்த அவுட் ரன் கார் கேமில் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர், அதாவது திருப்பத் திருப்ப மின்தடை மாறும் பாகம். மாற்றினால் வேலை முடிந்தது. இதில் ஸ்டீயரிங் முடிவில்லாமல் சுற்றும். அதோடு சுற்றும் துளைத்தட்டும், துளை வழியே வரும் ஒளியைப் பார்க்கும் இரண்டு ஆப்டோ சென்சாரும்தான் கணக்கு வைக்கின்றன: ஒன்று எவ்வளவு திரும்பியது என்று எண்ணும், மற்றது எந்தப் பக்கம் என்று சொல்லும்.

பார்த்தது இவ்வளவு: சென்சார் போர்டில் 5.02 வோல்ட் வருகிறது. போன் கேமராவில் பார்த்தால் சென்சார்களின் இரண்டு இன்ஃப்ராரெட் எல்இடியும் ஊதாவாக எரிகின்றன. துளைத்தட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தாயிற்று. மெதுவாகத் திருப்பினால் ஒரு சென்சார் 0.2 வோல்ட்டுக்கும் 4.8 வோல்ட்டுக்கும் ஏறி இறங்குகிறது, இன்னொன்று 4.6-லேயே நிற்கிறது, அதன் நடுவே அட்டையைச் செருகி ஒளியை மறைத்தாலும் அசைவதில்லை. இரண்டு சிக்னல் வயரையும் மாற்றிப் போட்டால் கார் திரும்புவதே இல்லை. கோளாறு சென்சாரோடே இடம் மாறுகிறது, ஆக மெயின் போர்டைக் குறை சொல்ல முடியாது. அந்த சென்சாரில் ஒளியை வாங்கும் ஃபோட்டோ டிரான்சிஸ்டர்தான் செத்திருக்க வேண்டும்.

கேட்க வேண்டியது இதுதான்: இப்போது கடையில் கிடைக்கும் ஆப்டோவில் எது இதற்குப் பொருந்தும்? சிக்னல் வயரை 5 வோல்ட் பக்கம் இழுத்து வைக்கும் புல்-அப் ரெசிஸ்டரின் மதிப்பை மாற்ற வேண்டுமா? முக்கியமாக, இரண்டு சென்சாருக்கும் நடுவே உள்ள தூரத்தை யாராவது ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துப் போட முடியுமா? அது கொஞ்சம் தவறி இரண்டும் ஒரே நேரத்தில் மாறினால் திசை குழம்பி, கார் நேர் ரோட்டிலேயே உதறும். ஜோடியாக மாற்றுவதுதான் நல்லது என்றால் அதையும் சொல்லுங்கள்.