ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 போடலாம், பிரதேச சபைக்கு மட்டும் ஏன் ஒரே புள்ளடி (X)?

ஹட்டன்வாசி:
வணக்கம். 2025 மே பிரதேச சபைத் தேர்தலிலிருந்து மனசில் கிடக்கிற கேள்வி இது. எங்கள் வட்டாரத்தில் நம்ம மலையகத் தமிழ் ஆட்களே மூன்று சின்னத்தில் நின்றார்கள், மூன்று பேரும் ஒரே தோட்டம், திருவிழாக் கமிட்டியில் ஒன்றாக உட்காருகிறவர்கள். வாக்கு மூன்றாகச் சிதறியது, நாலாவது ஆள் மூன்றில் ஒரு பங்கு எடுத்து வட்டாரத்தை வென்றுவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் மூன்றில் இரண்டு பேர் கேட்காத ஒருவர் எப்படி வட்டாரத்தின் உறுப்பினர் ஆகிறார்?

ஆஸ்திரேலியாவில் இருக்கிற மச்சானிடம் சொன்னபோது, "இங்கே எல்லா வேட்பாளருக்கும் வரிசையாக இலக்கம் போடுவோம், இந்தப் பிரச்சினை வராது" என்றார். நமக்கும் ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 போடும் முறை இருக்கிறதே, அது இதுதானா? பாராளுமன்றத் தேர்தலில் மூன்று விருப்பு வாக்கு போடுகிறோமே, அதுவுமா?

ஊவாக்காரன்:
பாராளுமன்ற விருப்பு வாக்கை முதலில் ஒதுக்கிவிடுங்கள். அங்கே ஒரு கட்சிக்குப் புள்ளடி போட்டு, அந்தக் கட்சிப் பட்டியலுக்குள் மூன்று பேர் வரை தெரிவு செய்கிறோம். மூன்றும் சம மதிப்பு, எது முதல் எது இரண்டாவது என்ற வரிசையே கிடையாது. அதனால்தான் ஒரே கட்சிக்காரர்கள் ஒருவரின் போஸ்டரை மற்றவர் கிழிக்கிறார்கள்.

ஜனாதிபதித் தேர்தல் நீங்கள் கேட்பதற்குக் கிட்ட வருகிறது. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லாரும் ஒரேயடியாக வெளியே. வெளியே போனவர்களின் வாக்குச் சீட்டுகளை மட்டும் எடுத்து, அதில் 2, 3 என்று மிச்சம் இருக்கிற இரண்டு பேரில் யாருக்குப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக் கூட்டுவார்கள். ஆஸ்திரேலியாவின் கீழ்ச்சபைத் தேர்தலில் அப்படி இல்லை. கடைசியில் இருப்பவரை முதலில் நீக்கி அவர் வாக்கை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள், அப்புறம் அடுத்த கடைசி ஆள், இப்படியே போகும். அங்கே மூன்றாம் இடத்தில் இருப்பவர்கூட ஏறி வரலாம். இங்கே மூன்றாவது ஆளின் கதை முதல் எண்ணிக்கையோடு சரி.

உங்கள் வட்டாரக் கதைதான் அங்கே இந்த முறை வந்த கதையும். 1918இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் சுவான் தொகுதியில் இடைத்தேர்தல். தொழிற்கட்சிக்கு எதிரான வாக்கு தேசியக் கட்சிக்கும் விவசாயிகளின் வேட்பாளருக்கும் பிரிந்ததில், தொழிற்கட்சிக்காரர் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய வாக்கோடு வென்றுவிட்டார். அந்த வருஷமே சட்டத்தை மாற்றினார்கள். நியாயத்துக்காக என்றில்லை, ஆளும் பக்கத்துக்கு அடி விழுந்தது, அதனால்.

லயத்து_மகள்:
ஊவா அண்ணே சொல்வது சரி, ஆனால் இருக்கிற முறையையே நாங்கள் பாவிப்பதில்லை, அதையும் பேசுவோம். 1982இல் இருந்து ஜனாதிபதித் தேர்தல் நடக்கிறது, இரண்டாவது எண்ணிக்கை என்று ஒன்று 2024இல்தான் முதல் தடவையாக வந்தது. முதல் சுற்றில் அநுர குமார திசாநாயக்கவுக்கு 56,34,915, சஜித் பிரேமதாசவுக்கு 43,63,035. மற்ற எல்லாருக்கும் போன வாக்கு 33 இலட்சத்துக்கும் மேலே, அதில் அப்போது ஜனாதிபதியாக இருந்த ரணிலுக்கு மட்டும் கிட்டத்தட்ட 23 இலட்சம். அத்தனை சீட்டிலும் தேடி எடுத்த விருப்பங்கள் அநுரவுக்கு 1,05,264, சஜித்துக்கு 1,67,867. இரண்டையும் கூட்டினால் 2,73,131. நூறு சீட்டில் எட்டுச் சீட்டுத்தான் பேசியது, மிச்சம் எல்லாம் ஊமை.

முன்னணி இரண்டு பேருக்கும் இடையில் இருந்தது ஏறக்குறைய 12 இலட்சத்து 70 ஆயிரம். அந்த 33 இலட்சம் பேரும் 2 போட்டிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை, ரணிலுக்குப் போட்டவர்கள் எல்லாரும் சஜித் பக்கம் போவார்கள் என்று யார் சொன்னது? ஆனால் கணக்கில் அதற்கு இடம் இருந்தது. நுவரெலியா மாவட்டத்தை எடுங்கள், சஜித் முதல், ரணில் இரண்டாவது, அநுர மூன்றாவது. நம்ம மலையகக் கட்சிகளில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் (இ.தொ.கா.) ரணிலோடு, தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித்தோடு. இரண்டு பக்கத்துத் தலைவர்களும் தோட்டம் தோட்டமாக வந்தார்கள், எங்கள் டிவிஷனில் ஒருவர்கூட "எங்களுக்கு 1 போடுங்க, 2 உங்க இஷ்டம்" என்று சொல்லவில்லை. மாதிரி வாக்குச் சீட்டில் ஒரு புள்ளடி, கதை முடிந்தது. 2 போடச் சொன்னால் தாங்கள் தோற்கலாம் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம்.

அம்மாயிக்கு இலக்கம் போடத் தெரியாது என்ற சாக்கு மட்டும் வேண்டாம். தினமும் எத்தனை கிலோ நிறுத்தார்கள் என்று கங்காணியோடு சண்டை போடுகிற ஆளுக்கு 1, 2, 3 தெரியாதா?

பழைய_வாத்தி:
பிள்ளைகளே, நல்ல பேச்சு. ஆனால் எந்தத் தேர்தலுக்கு எந்த மருந்து என்று பார்க்க வேண்டும்.

அதிக வாக்கு எடுத்தவர் வெற்றி என்ற தொகுதி முறை என்ன செய்யும் என்பது இந்த நாட்டுக்குத் தெரியும். 1970இல் ஐக்கிய தேசியக் கட்சி (ஐ.தே.க.) சுமார் 38 வீத வாக்கு எடுத்தது, சுதந்திரக் கட்சி சுமார் 37 வீதம். ஆசனம் எப்படி? ஐ.தே.க.வுக்கு 17, சுதந்திரக் கட்சிக்கு 91! ஏழு வருஷத்தில் சக்கரம் திரும்பி, 1977இல் ஐ.தே.க. பாதி வாக்கைக் கொஞ்சம் தாண்டி 168இல் 140 ஆசனத்தை அள்ளியது. அதே தேர்தலில்தான் இ.தொ.கா. தலைவர் தொண்டமான் நுவரெலியா - மஸ்கெலியாவில் வென்றார். எப்படி வென்றார்? அது மூன்று உறுப்பினர் தொகுதி, அவர் மூன்றாவது ஆள். ஒரே உறுப்பினர் தொகுதியாக இருந்திருந்தால் அவருக்கு இடமே இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரே ஆள் வெல்லும் தொகுதியில் நீங்கள் 1, 2, 3 என்ன, 20 வரை இலக்கம் போட்டாலும் நூற்றுக்கு முப்பது பேராக இருக்கிற சமூகம் தனியாக வெல்லாது. நம் வாக்கு நமக்குள் சிதறாது, அவ்வளவுதான். 1948இல் பிரஜாவுரிமையையும் அதைத் தொடர்ந்து வாக்கையும் பறிகொடுத்து, 1952இல் பாராளுமன்றத்தில் ஒருவரும் இல்லாமல் நின்ற சமூகம் இது. "வரிசை முறை கொண்டு வருகிறோம், விகிதாசாரத்தை, அதாவது வாக்கு வீதப்படி ஆசனம் கிடைப்பதை, விட்டுக்கொடுங்கள்" என்று யாராவது வந்தால் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

ஹட்டன்வாசி:
சேர், அப்போ வட்டாரத்துக்கு? அங்கே ஒரு ஆள்தானே வெல்ல முடியும்.

ஊவாக்காரன்:
வட்டாரத்துக்குத் தாராளமாகக் கேட்கலாம். 1,000 வாக்கு என்று வையுங்கள். உங்கள் மூன்று பேருக்கும் 260, 220, 180, நாலாவது ஆளுக்கு 340. இன்றைய முறையில் 340 வெற்றி. வரிசை முறையில் 180 முதலில் உடையும், அப்புறம் 220 உடையும், மூன்று பேரின் சீட்டுகளிலும் அடுத்த விருப்பம் ஒருவருக்கொருவர் போடப்பட்டிருந்தால் 260 எடுத்தவர் பாதியைத் தாண்டிவிடுவார். போடப்பட்டிருந்தால். நம்மூர்த் தொழிற்சங்க ரோஷத்தில் அடுத்த சங்கத்துக்காரனுக்கு 2 போடுவதைவிடப் பேசாமல் விடலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள், அந்தச் சீட்டு பாதியில் நின்றுவிடும்.

ஒன்றை மறந்துவிடக்கூடாது. பிரதேச சபையில் 60 வீதம் வட்டாரம், 40 வீதம் விகிதாசாரம். உங்கள் மூன்று கட்சிக்கும் விழுந்த வாக்கு வீணாகவில்லை, பட்டியல் கணக்கில் சேரும். வட்டாரத்துக்கு 1, 2, 3 கொண்டு வந்தால் பட்டியலுக்கு எந்த வாக்கை எடுப்பது, முதல் விருப்பத்தையா கடைசியில் நின்றதையா? இதைச் சட்டத்தில் தெளிவாக எழுதாமல் தொடங்கினால் வழக்குத்தான்.

வாத்தியார் சேர் சொன்ன பயத்துக்கு விடை அயர்லாந்தில் இருக்கிறது. அங்கே ஒரு தொகுதிக்குப் பல உறுப்பினர், வாக்காளர் வரிசையாக இலக்கம் போடுவார், வெற்றிக்குத் தேவையானதைவிட அதிகமாக விழுந்த வாக்கும் தோற்றவரின் வாக்கும் அடுத்த விருப்பத்துக்கு நகரும். நுவரெலியாவுக்குப் பாராளுமன்றத்தில் எட்டு ஆசனம், அந்த முறையில் ஒன்பதில் ஒரு பங்கு வாக்குக்குக் கொஞ்சம் மேலே சேர்ந்தால் ஒரு ஆசனம் உறுதி. அந்தப் பங்கு ஒரே சின்னத்தில் இருக்க வேண்டும் என்றும் இல்லை. எனக்கு நுவரெலியாவைவிட இரத்தினபுரியும் கேகாலையும்தான் ஞாபகம் வருகிறது, நம்ம வாக்கு குறைவு, அதிலும் ஆளுக்கொரு கட்சி.

லயத்து_மகள்:
அது பெரிய சட்டத் திருத்தம், 2014க்குப் பிறகு மாகாண சபைத் தேர்தலையே வைக்காமல் இழுத்தடித்த நாடு இது. அடுத்த ஜனாதிபதித் தேர்தலுக்கு எந்தத் திருத்தமும் வேண்டாம், 2 போட்டால் போதும். புள்ளடியையும் இலக்கத்தையும் ஒரே சீட்டில் கலக்காமல் 1, 2, 3 என்றே எழுதச் சொல்லி, இளைஞர் கழகத்தில் யாராவது மாதிரிச் சீட்டு அடித்தால் எங்கள் டிவிஷனில் வீடு வீடாகக் கொண்டுபோக நான் ரெடி.

ஹட்டன்வாசி:
அக்கா, அச்சடிக்கிற செலவு என் பொறுப்பு. சிங்களத்திலும் சேர்த்து அடிப்போமா?