சிக்னலில் அணைந்துவிடும் கார்: பிரேக் பூஸ்டர்தான் காரணமா?

வணக்கம் நண்பர்களே. அப்பாவின் 2009 மாடல் பெட்ரோல் கார் ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) உதறுகிறது. ஏசி போட்டுச் சிக்னலில் நின்றால் அணைந்தே விடுகிறது. ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை.

பிளக் மாற்றி, த்ராட்டில் பாடியும் சுத்தம் செய்தாயிற்று. அடுத்து ஃப்யூயல் பம்ப் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் (காற்றுக்கு ஏற்ப இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ஐடிலிங்கில் +22 சதவீதம். 2500 ஆர்பிஎம்மில் +4 சதவீதம்தான். பம்ப் பலவீனம் என்றால் வேகம் கூடும்போதல்லவா ட்ரிம் ஏற வேண்டும்? எங்கோ கசிவு வழியாகக் கூடுதல் காற்றை இழுக்கிறது என்றே நினைக்கிறேன்.

பிரேக்கை மிதித்துப் பிடித்தால் பெடல் பக்கம் ‘ஸ்ஸ்’ என்று சத்தம்; உதறலும் கூடுகிறது. பிரேக் பூஸ்டருக்கு (இன்ஜின் வெற்றிடத்தால் பிரேக் மிதிப்பதை எளிதாக்கும் பாகம்) இன்ஜினிலிருந்து போகும் வேக்கம் ஹோஸை வீட்டு வாசலிலேயே கழற்றி, இன்ஜின் பக்கத்தை அடைத்துவிட்டு ஐடிலிங் பார்த்தால் உறுதியாகிவிடுமா? அப்பா தினமும் ஓட்டுகிற வண்டி, பிரேக் விஷயம் வேறு. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.