'இரு' வினையில் மாட்டிக்கொண்டேன், உதவுங்கள்

வணக்கம். ஸ்வீடிஷ் ஓரளவு படித்த தைரியத்தில் ஐஸ்லாந்து மொழியைத் தொட்டேன். 'இரு' என்ற வினையிலேயே சறுக்கல்.

ஸ்வீடிஷில் நான், நீ, அவர்கள் எல்லோருக்கும் 'ஏர்' ஒன்றே போதும். பழைய எழுத்தில் பன்மைக்கு 'ஏரு' உண்டு, இப்போது அது வழக்கொழிந்துவிட்டது. நார்வே, டென்மார்க் மொழிகளிலும் நிகழ்காலத்துக்கு ஒரே வடிவம்தான். இறந்தகாலமோ மூன்றிலும் 'வார்'.

ஐஸ்லாந்து மொழியில் அப்படித் தப்ப முடியாது. நான் என்றால் 'எர்', நீ என்றால் 'எர்த்', நாங்கள் 'எரும்', நீங்கள் 'எருத்', அவர்கள் 'எரு'. எருமையையும் எருதையும் நினைத்து ஒருவழியாக மனப்பாடம் செய்துவிட்டேன். பக்கத்து பரோயே தீவுகளின் மொழியில் பன்மை மூன்றுக்கும் 'எரு' ஒன்றே. கொடுத்துவைத்தவர்கள்!

என் சந்தேகம் வேறு. 'படித்துக்கொண்டிருக்கிறேன்' என்பதற்கு ஐஸ்லாந்து மொழியில் 'எர் ஆத் லேசா' என்கிறார்கள். நம் 'கொண்டிரு' போலவே இங்கும் 'இரு' துணைக்கு வருகிறது. ஆனால் தூங்கு, உட்கார் போன்ற வினைகளோடு இது ஒட்டாதாம், வெறும் நிகழ்காலம்தான். நமக்கோ 'தூங்கிக்கொண்டிருக்கிறான்' சர்வசாதாரணம், அந்தப் பழக்கத்தில் தப்பாகவே வாயில் வருகிறது.

'காத்திரு', 'யோசி' போன்றவை எந்தப் பக்கம் சேரும்? ஐஸ்லாந்துத் தலைநகர் ரேக்யவிக்கில் இருப்பவர்கள் யாராவது அன்றாடப் பேச்சிலிருந்து நாலைந்து வாக்கியம் தந்தால் புண்ணியமாகப் போகும்.