மன்னார் போராட்டப் பந்தலுக்கு முதன்முறையாகச் செல்ல இருக்கின்றேன்

கொக்குவில் வாசகன்:
வணக்கம். புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக, 2025 ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்து மன்னார் நகரில் மக்கள் பந்தலிட்டு அமர்ந்திருப்பதைப் பத்திரிகையில் படித்துவருகின்றேன். வருகின்ற சனிக்கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து தனியே சென்று வர எண்ணியுள்ளேன். இதுவரை எந்தப் போராட்டக் களத்துக்கும் நான் சென்றதில்லை. ஊரவர் துன்பத்தை வேடிக்கை பார்க்க வந்தவனாகத் தோன்றிவிடுவேனோ என்று தயக்கமாக உள்ளது. அதைவிடப் பெரிய தயக்கம் வேறு: வீட்டுக் கூரையில் சோலர் பொருத்தி, டீசலும் நிலக்கரியும் ஒழிய வேண்டும் என்று காண்பவரிடமெல்லாம் வாதாடுகின்ற நான், காற்றாலையை எதிர்ப்பவர்கள் நடுவே எந்த முகத்துடன் உட்காருவது?

பூநகரி வழி:
தம்பி, நான் மூன்று வாரங்களுக்கு முன்னர் சங்குப்பிட்டிப் பாலம் வழியாகப் பேருந்தில் சென்று வந்தேன். உங்கள் இரண்டாவது தயக்கம் அங்கே அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனி என்ற பெயரில் 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவோற், ஏற்கெனவே சுழல்கின்றன. அவற்றுடன் வாழ்ந்து பார்த்தவர்களே இப்போது பேசுகின்றார்கள். தாழ்ந்த, தட்டையான அந்த நிலத்தில் அத்திவாரங்களும் அவற்றுக்கான பாதைகளும் வந்த பின்னர் மழைவெள்ளம் கடலுக்கு வடிவதில்லை என்பது அவர்களது முதன்மையான முறைப்பாடு. என் அருகில் இருந்த அம்மா ஒருவர், மடக்கிய குடையின் நுனியால் மண்ணில் தன் வீட்டைக் கீறி, அடுப்படி, கிணறு, கக்கூசு என்று ஒவ்வொன்றாகக் காட்டி, கிணற்றுக்கட்டு வரை தண்ணீர் நின்றதாகச் சொன்னார். 2010 இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்த வங்காலைப் பறவைகள் சரணாலயத்தைப் பற்றியும் இளைஞர்கள் பேசினார்கள், ஆனால் என் மனதில் நின்றது அந்தக் குடைக் கோடுதான்.

சுன்னாகத்தான்:
முதலாவது தயக்கம் நியாயமானது. 2015 இல் எங்கள் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருந்த காலத்தில், வாளியில் அள்ளிய தண்ணீரின் மேல் மிதந்த படலத்தைப் படமெடுக்க எத்தனையோ பேர் வந்தார்கள். தண்ணீர்ப் பவுசர் வரும் வரை எங்களுடன் வரிசையில் நின்றவர்கள் மிகச் சிலரே. ஆகவே, சென்றால் அரை நாளாவது இருங்கள். முகம் தெரியப் படமெடுப்பதற்கு முன்னர் கேளுங்கள், ஏனெனில் பந்தலில் இருப்பவர்களில் அரசாங்க உத்தியோகத்தர்களும் இருக்கலாம்.

மின்பொறியாளர்:
மேலே ‘பூநகரி வழி’ என்ற பெயரில் எழுதிய அக்காவுடன் எனக்கு முழு உடன்பாடில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மன்னாரில் வீசுவதுபோல் இலங்கையில் வீசும் இடங்கள் அரிது. திட்டமிடுபவர்கள் அங்கேயே திரும்பத் திரும்பச் செல்வதற்கு அதுவே காரணம். வெள்ளத்துக்குக் காற்றாலை எவ்வளவு காரணம், மூடப்பட்ட வாய்க்கால்களும் புதிய கட்டடங்களும் எவ்வளவு காரணம் என்பதை அளந்து பார்க்க வேண்டும். இந்தக் கேள்வியைப் பந்தலிலேயே மரியாதையுடன் கேளுங்கள், தம்பி. இல்மனைற் என்ற கனியத்துக்காக நடக்கும் மணல் அகழ்வைப் பொறுத்தவரை எனக்கும் அவர்களுக்கும் வேறுபாடே இல்லை.

பூநகரி வழி:
அளக்கத்தான் வேண்டும், ஐயா. கட்டுவதற்கு முன்னர் அளந்து எங்களுக்குக் காட்டியிருக்கலாமே என்றுதான் அந்த அம்மாவும் கேட்டார்.

கொக்குவில் வாசகன்:
அனைவருக்கும் நன்றி. என் கேள்வியை ஒளிக்காமலே செல்கின்றேன். சாப்பாட்டுப் பொருள் ஏதும் கொண்டு செல்வது பொருத்தமாக இருக்குமா?

பூநகரி வழி:
சீனியும் தேயிலையும் கொண்டு செல்லுங்கள், தேநீர் அங்கே ஓயாமல் ஊற்றப்படுகின்றது. கதிரைகள் முதியவர்களுக்கே போதாதிருந்தன. உங்களுக்கென்று ஒரு பாயும் எடுத்துச் செல்லுங்கள். திரும்பும் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை மன்னாரில் இறங்கியவுடனேயே கேட்டுவிடுங்கள், நான் கேட்காமல் விட்டு வவுனியா சுற்றி வீடு வந்தேன்.