பொருள்: பழத்தொலி ஆய்வில் ‘பயோசார்ப்ஷன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

தக்கலையிலிருந்து:

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

ஏத்தங்காயின் (நேந்திரன் வாழைக்காயின்) தொலியைக் காயவைத்துப் பொடித்து, நீரில் கரைந்திருக்கும் ஈயம், செம்பு, சாயம் ஆகியவற்றைப் பிடித்தெடுக்கும் ஆய்வுகளைப் பற்றித் தமிழில் ஒரு கையேடு தயாராகிறது. நம் மாவட்டத்தில் சிப்ஸ் போடும் இடத்திலெல்லாம் பச்சைத் தொலி ஒரே இடத்தில் குவிகிறது. அதனால் கல்லூரிச் செயல்திட்டங்களிலும் இந்தத் தலைப்பு அடிக்கடி வருகிறது. 2011-இல் பிரேசில் ஆய்வாளர்கள் வாழைத்தொலித் தூளைக் கொண்டு ஆற்று நீரிலிருந்த ஈயத்தையும் செம்பையும் பிடித்துக் காட்டினார்கள். ஒரே தூளைப் 11 முறை வரை திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்றும் சொன்னார்கள்.

சிக்கல் சொல்லில்தான். இப்படிப் பிடித்தெடுப்பதைக் குறிக்கும் ‘பயோசார்ப்ஷன்’ என்பதை ஒருவர் ‘உயிரி உறிஞ்சல்’ என்கிறார், இன்னொருவர் ‘உயிர்ப் பரப்புக் கவர்ச்சி’ என்கிறார். எனக்கு நான்கு சொற்கள் வேண்டும்: நடக்கும் செயலுக்கு ஒன்று, தூளுக்கு ஒன்று, உலோகம் ஏறிய தூளுக்கு ஒன்று, உலோகம் மறுபடி வெளியே வருவதற்கு ஒன்று. செயலுக்கு ‘ஒற்றுகை’ சரிவருமா?

நாகர்கோவிலிலிருந்து:

தம்பி, முதலில் ‘உறிஞ்சல்’ வேண்டாம். உறிஞ்சல் என்று படித்த பிள்ளை, தூளை ராத்திரி முழுக்க ஊறவைத்தால் இன்னும் நிறைய இழுக்கும் என்று நினைக்கும். நன்றாகக் கலக்கினால் பெரும்பங்கு முதல் அரைமணி நேரத்துக்குள் பிடித்துவிடும். அதற்குமேல் ஊறினால் தொலியிலிருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருளும் பழுப்பு நிறமும் நீரில் இறங்குவதுதான் மிச்சம்.

‘பரப்புக் கவர்ச்சி’ பாடநூல் சொல், ‘அட்சார்ப்ஷன்’ என்பதற்குப் பொருந்தும். கிளர்வூட்டிய கரியை (ஆக்டிவேட்டட் கார்பன்) பேசும்போது அதுவே போதும். ஒரு கிராம் கரிக்குள் பல நூறு சதுர மீட்டர் பரப்பு இருக்கிறது, வேலை செய்வதும் அந்தப் பரப்புதான். சுடாத தொலித்தூளுக்குப் பரப்பு மிகக் குறைவு. அங்கே வேலை செய்வது பெக்டினில் இருக்கும் கார்பாக்சில் தொகுதிகள், அதாவது உலோக அயனி வந்து ஒட்டும் அமிலப் பகுதிகள். அவற்றில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் பொட்டாசியம், கால்சியம், ஹைட்ரஜன் அயனிகள் இடம்விட, ஈயம் அந்த இடத்துக்கு வருகிறது. அயனிப் பரிமாற்றம் பாதி, பிணைப்பு பாதி. பரப்பு என்று பெயர் வைத்தால் இன்னும் நைசாக அரைத்தால் போதும் என்று தோன்றும். அரைத்துப் பாருங்கள், வடிதாள் அடைத்துக்கொள்ளும், பிடிக்கும் அளவு அவ்வளவாக உயராது.

மேல்நாட்டிலும் இதே குழப்பம் இருந்தது. ‘அட்சார்ப்ஷன்’ என்ற சொல்லை 1881-இல் ஜெர்மன் இயற்பியலாளர் கைசர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். மேலே ஒட்டுவதையும் உள்ளே போவதையும் பிரித்துச் சொல்ல முடியாத இடங்களுக்காக 1909-இல் வேதியியலாளர் மக்பெயின் ‘சார்ப்ஷன்’ என்று பொதுவாக ஒரு சொல்லை வைத்தார். நமக்கும் அப்படி ஒரு பொதுவான வேர் வேண்டும். ‘பற்று’ என்பது என் பரிந்துரை. பொதுவாகப் ‘பற்றுகை’, மேலே மட்டும் என்றால் ‘மேற்பற்றுகை’, உள்ளே என்றால் ‘உட்பற்றுகை’. ‘பற்றல்’ என்றும் வைக்கலாம்தான், ஆனால் வகுப்பில் வாயால் சொல்லும்போது ‘பத்தல’ என்று காதில் விழும்.

‘உயிரி’ என்ற முன்னொட்டையும் விட்டுவிடலாம். காய்ந்த தொலி செத்த பொருள். உயிருள்ள செல் தன் ஆற்றலைச் செலவழித்து உலோகத்தை உள்ளே சேர்ப்பது வேறு வேலை. ‘தொலிப் பற்றுகை’ என்று எதனால் நடக்கிறதோ அதையே சொல்லுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து:

டீச்சர் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ‘ஒற்றுகை’க்கும் ஒரு நல்ல பக்கம் உண்டு: ஒத்திக்குக் கொடுத்த நிலத்தைப் பணம் கட்டி மீட்பது மாதிரி, தூள் பிடித்த ஈயத்தையும் அமிலம் கொடுத்து மீட்கலாம். ஆனால் ‘ஒற்றி’ என்றாலே நம் ஊரில் பத்திரம்தான் நினைவுக்கு வரும். பற்றுகையே இருக்கட்டும். வெளியே வருவதற்கு ‘விடுகை’ என்று வையுங்கள், ஜோடி பொருந்துகிறது. 0.1 மோலார் நைட்ரிக் அமிலத்தில் கலக்கினால் ஈயம் பெரும்பாலும் விட்டுவிடும். கந்தக அமிலம் வேண்டாம், ஈய சல்பேட் படிந்து தூளோடு தங்கிவிடும்.

தூளுக்குப் ‘பற்றி’ என்று சிலர் எழுதுகிறார்கள். ‘தொலிப்பற்றி எழுதிய கட்டுரை’ என்று வந்தால் எதைப் படிப்பது? ‘பற்றான்’ இன்னும் மோசம், ‘பிடிக்க மாட்டான்’ என்றல்லவா பொருள். ‘பற்றுதூள்’ போதும். குடிநீர், ஊறுகாய் மாதிரி வினைத்தொகை, நடுவில் ‘த்’ மிகாது. தயவுசெய்து ‘பற்றுத்தூள்’ என்று அச்சடிக்க வேண்டாம்.

‘தோல்’ என்று திருத்தாமல் ‘தொலி’ என்றே விடுங்கள் என்பதும் என் கட்சி. இந்த ஆய்வுகளில் ஒரு பகுதி தோல் பதனிடும் ஆலைக் கழிவுநீரில் இருக்கும் குரோமியத்தைப் பற்றியது. ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரருக்குத் ‘தோல் கழிவு’ என்றால் மாட்டுத்தோல். ‘தோல் கழிவுநீரைத் தோல் கழிவால் சுத்தம் செய்தல்’ என்று தலைப்பு வந்தால் யாருக்கு என்ன புரியும்? தொலி அகராதியில் இருக்கிற சொல், நம் தெற்கில் நாக்கில் இருக்கிற சொல். அதேபோல ‘சக்கைத் தூள்’ என்றும் எழுத வேண்டாம், குமரியில் சக்கை என்றால் பலா.

கையேட்டில் செய்முறைக்கு இதைச் சேர்க்கலாம். பச்சை ஏத்தனின் தொலிதான் வேண்டும், பழுத்தது வேண்டாம். பழுக்கும்போது பெக்டின் கரையும் வடிவத்துக்கு மாறுகிறது, சர்க்கரையும் ஏறுகிறது, இரண்டும் நீரில் இறங்கும். புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழை நம் பெருமைதான், ஆனால் அது பழமாக வீடுவீடாகத் தின்னப்படுவது, தொலி ஒரே பதத்தில் சேராது. மரச்சீனி (மரவள்ளி) தொலியை இதோடு கலக்கவே கூடாது, அதில் சயனைடு தரும் பொருள் உண்டு.

காம்பையும் நுனியையும் வெட்டி, தொலியை ஓரிரு சென்டிமீட்டர் துண்டாக்கி, கறை போகக் கழுவி, 60 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்த வேண்டும். 100 டிகிரிக்கு ஏற்றினால் சீக்கிரம் காயும், ஆனால் தூள் பழுப்பேறும். ஒரு கிலோ பச்சைத் தொலிக்கு ஏறக்குறைய 100 கிராம் தூள் தேறும். கால் மில்லிமீட்டருக்கும் அரை மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட சல்லடைத் தூளை எடுத்து, கழுவிய நீர் நிறமற்று வரும்வரை வெந்நீரில் அலசி, மறுபடி உலர்த்துங்கள். இந்த அலசலைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் உலோகம் போன நீர் டீ நிறத்தில் வரும்.

தக்கலையிலிருந்து:

நன்றி டீச்சர், நன்றி அண்ணாச்சி. அளவுக்கும் சொல் வேண்டும். ‘90 விழுக்காடு நீக்கம்’ என்று மட்டும் எழுதினால் எவ்வளவு தூள் போட்டார்கள் என்பது மறைந்துவிடுகிறது. ஒரு கிராம் தூள் எத்தனை மில்லிகிராம் பிடித்தது என்பதைப் ‘பற்றளவு’ என்றும், அது எட்டக்கூடிய உச்சத்தைப் ‘பற்றுதிறன்’ என்றும் பிரிக்கிறேன். 100 மில்லிலிட்டர் நீரில் ஈயம் லிட்டருக்கு 10 மில்லிகிராமிலிருந்து 1-க்கு இறங்கியது, போட்ட தூள் அரை கிராம் என்றால் பற்றளவு கிராமுக்கு 1.8 மில்லிகிராம்.

நாகர்கோவிலிலிருந்து:

அந்தக் கணக்கோடு இதையும் பக்கத்திலேயே எழுதுங்கள் தம்பி. குடிநீரில் ஈயத்துக்கு இந்தியத் தர நிர்ணய வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். மீதியிருக்கும் 1 மில்லிகிராம் அதைப்போல நூறு மடங்கு. ‘வீட்டிலேயே வாழைத்தொலியால் தண்ணீரைச் சுத்தம் செய்யலாம்’ என்று யாரும் தலைப்பு வைத்துவிடக் கூடாது. போர்வெல் நீரில் கால்சியம் நிறைய இருந்தால் அதுவும் அதே இடங்களுக்குப் போட்டியிடும், வாலைவடிநீரில் கிடைத்த பற்றளவு அங்கே கிடைக்காது.

அமிலத்தன்மை இன்னொரு பொறி. ஈயத்துக்கு பி.எச். 5 பக்கம் வையுங்கள். 3-க்குக் கீழே ஹைட்ரஜன் அயனிகளே இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 6-க்கு மேலே ஈயம் ஹைட்ராக்சைடாகத் தானே படியத் தொடங்கும், அதைப் பற்றுகை என்று எண்ணிக்கொள்வார்கள். தூள் போடாத ஒரு குடுவையும் கூடவே ஓட வேண்டும். பி.எச். மாறாமல் வைக்க பாஸ்பேட் தாங்கல் கரைசல் சேர்க்கவே கூடாது, ஈயம் அதிலேயே வீழ்படிவாகிவிடும்.

ஆறு இணைதிறன் குரோமியத்தில் கதை தலைகீழ், பி.எச். 2 பக்கம்தான் நன்றாகக் குறையும். தொலியின் பீனால்கள் அதை மூன்று இணைதிறனுக்கு ஒடுக்கிவிடுகின்றன. டைபினைல்கார்பசைடு நிறச் சோதனை ஆறை மட்டுமே காட்டும். நிறம் போயிற்று, ஆனால் குரோமியம் நீரிலேயே இருக்கலாம். மொத்தக் குரோமியத்தை அளக்காமல் அங்கே ‘பற்றுகை’ என்ற சொல்லைப் போட வேண்டாம், ‘குறைவு’ என்று எழுதினால் போதும்.

மெத்திலீன் நீலத்தில் சோதித்தால் வடிதாளைக் கவனியுங்கள். தாளே அந்தச் சாயத்தைப் பிடிக்கும். சுழற்றிப் பிரிப்பது நல்லது. இல்லையென்றால் முதலில் வடிவதைக் கொட்டிவிட்டு அடுத்ததை அளக்கலாம்.

மார்த்தாண்டத்திலிருந்து:

உலோகம் ஏறிய தூளுக்கு ‘நிறைதூள்’ என்று நான் சொல்வேன். ‘பயன்படுத்திய தூள்’ என்றால் வேலை முடிந்துவிட்டது, தென்னை மூட்டில் தட்டலாம் என்று எடுத்துக்கொள்வார்கள். மண்ணின் புளிப்பிலும் மக்கும்போது உண்டாகும் அமிலங்களிலும் விடுகை நடக்கும், தொலியே மக்கிப் போனபின் பிடிப்பதற்கு ஒன்றும் இருக்காது. கையேட்டில் புட்டியில் ஒட்டும் சீட்டின் மாதிரி இருந்தால் அதில் இப்படிப் போடுங்கள் தம்பி: ‘நிறைதூள், ஈயம். அமிலத்தில் விடுகை செய்தபின் மட்டுமே மறுபயன். உரக்குழியில் போடக் கூடாது.’ விடுகை செய்த அமிலத்துக்கும் தனிப் புட்டி, தனிச் சீட்டு.

தக்கலையிலிருந்து:

பற்றுகை, பற்றுதூள், நிறைதூள், விடுகை, பற்றளவு, பற்றுதிறன். இந்த ஆறையும் சொற்பட்டியலில் ஏற்றுகிறேன். ‘கிளர்வூட்டிய கரி’யைப் ‘பற்றுகரி’ என்று சுருக்கலாமா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. தொலியைப் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சுட்ட கரிக்கும், சும்மா காற்றில்லாமல் சுட்ட கரிக்கும் ஒரே பெயர் வந்துவிடுமோ என்று தயக்கம். டீச்சர் சொல்லுங்கள்.