எல்.எல்.ஆரை வைத்துக்கொண்டு குமுளிக்குக் கார் ஓட்டிப் போகலாமா?

கானாடுகாத்தான்காரி:
வணக்கம். கார் எல்.எல்.ஆர் (பழகுநர் லைசென்ஸ்) எடுத்து 2 மாதம் ஆகிறது. எங்கள் ஊரில் தெருவெல்லாம் அகலம், நேர்கோடு. வளைக்கவே வேலையில்லை, அதனால் நன்றாக ஓட்டுவதாக ஒரு நினைப்பு! உடன்பிறந்த ஆச்சி குமுளியில் இருக்கிறாள். அடுத்த வாரம் மேலூர், மதுரை, தேனி வழியாகப் போகிறோம். 200 கிலோமீட்டருக்கு மேல் வரும். நான் ஓட்டுகிறேன், அப்பச்சி (எங்கள் அப்பா) பக்கத்தில் உட்காருவார். தமிழ்நாட்டு எல்.எல்.ஆர் கேரளத்துக்குள் செல்லாது, எல்லையிலேயே இறக்கிவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். நிஜமா?

தேவகோட்டை:
நிஜமில்லை, தங்கச்சி. மோட்டார் வாகனச் சட்டம் 13ஆம் பிரிவுப்படி எல்.எல்.ஆரும் இந்தியா முழுக்கச் செல்லும். 6 மாதக் கெடு முடியாமல் இருந்தால் போதும். எல்லையில் பிரச்சினை இல்லை. 1989 மத்திய விதிகளில் 3ஆம் விதி இருக்கிறதே, அதில்தான் பலரும் மாட்டுகிறார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் அதே வகை வண்டிக்கு நடப்பில் உள்ள லைசென்ஸ் இருக்க வேண்டும். வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில், அதாவது முன்சீட்டில், அவர் இருக்க வேண்டும். பின்சீட்டில் சாய்ந்து தூங்கினால் கணக்கில் வராது. முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு ‘எல்’. எழுத்து 10 சென்டிமீட்டர் உயரமாவது வேண்டும்.

அப்பச்சி லைசென்ஸ் எந்தத் தேதி வரை? பார்த்தீர்களா?

கானாடுகாத்தான்காரி:
அவர் 30 வருஷமாக ஓட்டுகிறார் அண்ணே, அதையெல்லாமா பார்ப்பது என்று எழுத வந்தேன். சரி, பார்த்துவிடுவோம் என்று பீரோவைத் திறந்தேன். பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொண்டு, எழுத்தே தெரியவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால், போன மாதமே முடிந்துவிட்டது! அப்பச்சி முகத்தைப் பார்க்க வேண்டுமே.

புதுவயல்:
நல்லவேளை, வீட்டிலேயே தெரிந்தது. அவர் இப்போது தனியாகக்கூட ஓட்டக்கூடாது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய், வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் தனியாக 5,000. அதைவிட இன்ஷூரன்ஸ்தான் பெரிய விஷயம். பாலிசித் தாளில் ஓட்டுநர் பற்றிய பத்தியை எடுத்துப் படியுங்கள். எல்.எல்.ஆர்காரர் ஓட்டலாம், ஆனால் 3ஆம் விதிப்படி என்று போட்டிருக்கும். எங்காவது இடித்துவிட்டால் அந்த ஒரு வரியை வைத்தே இழுத்தடிப்பார்கள்.

அப்பச்சிக்கு ஆன்லைனில் புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். 40 வயது தாண்டியவர் என்பதால் மருத்துவச் சான்றும் (படிவம் 1ஏ) கேட்பார்கள். வேறு ஆளைக் கூட்டிப் போங்கள். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது ஸ்டியரிங்கை அவரிடம் கொடுத்துவிடுங்கள். சட்டப்படி நீங்கள் ஓட்டலாம்தான். ஆனால் கொண்டை ஊசி வளைவில் பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, கிளட்சும் கையுமாக வண்டி பின்னால் உருள, அது கற்றுக்கொள்ளும் இடமே இல்லை.

கானாடுகாத்தான்காரி:
போய் வந்தாச்சு. கொத்தமங்கலம் அயித்தான் லைசென்ஸோடு முன்சீட்டில். அப்பச்சி பின்னால், மடியில் மாவுருண்டை டப்பாவோடு, வழியெல்லாம் “பிரேக், பிரேக்” என்று சொல்லிக்கொண்டு. தேனியில் சாப்பிட்டு, லோயர் கேம்ப் வரை நானே ஓட்டினேன். மலையில் அயித்தான். உசிலம்பட்டிப் பக்கம் பின் ‘எல்’ ஸ்டிக்கர் வெயிலில் சுருண்டு தொங்கியது, டீக்கடையில் செல்லோடேப் வாங்கி ஒட்டினோம். குமுளியில் போலீஸ்காரர் கேட்டது அயித்தான் லைசென்ஸைத்தான். திரும்பும்போது கீழே இறங்கியதும் மறுபடி நான்.

அப்பச்சிக்குப் படிவம் 1ஏ வாங்கியாகிவிட்டது. கண் டாக்டர் புதுக் கண்ணாடி எழுதிக் கொடுத்திருக்கிறார்.