வில்லா சவோய்: மழையில் பார்த்த வீடு

எங்கள் வீட்டு மொட்டை மாடி பதினோரு வருடமாக ஒழுகுகிறது. வாட்டம் சரியில்லை என்பார் ஒரு கொத்தனார். தட்டோட்டையெல்லாம் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் பதிக்க வேண்டும் என்பார் இன்னொருவர். பாரிசுக்குப் பக்கத்தில் புவாசியில் இருக்கும் வில்லா சவோயை நான் பார்க்கப் போனதற்கு இதுதான் பாதிக் காரணம். கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே கட்டிய வீடு, கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதுவும் ஒழுகிய வீடுதான்.

முதல் தடவை போனது திங்கட்கிழமை. திங்களன்று திறப்பதில்லை! கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினோம். "சித்தி, ஒரு தடவை பாத்துட்டுக் கிளம்பியிருக்கலாம்ல?" என்றாள் கூட வந்த அக்கா மகள். அங்கேயே படிக்கிறவள் அவள், பார்த்திருக்க வேண்டியவளும் அவள்தான். சரி, புதன்கிழமை மறுபடி ஆர்.இ.ஆர். என்கிற புறநகர் ரயில், புவாசியில் இறங்கி மேட்டில் ஒரு நடை. பேருந்தும் உண்டு, முழங்கால் வலி இருப்பவர்கள் அதில் போய்விடுங்கள்.

மரங்களுக்கு நடுவே போகும் பாதை திரும்பியதும் புல்வெளி, அதன் நடுவில் ஒல்லியான தூண்கள் மேல் ஒரு வெள்ளைப் பெட்டி. கீழ்த்தளச் சுவருக்குக் கரும்பச்சை அடித்திருப்பதால் அது கண்ணுக்குப் படாமல் மேல்தளம் மட்டும் மிதக்கிற மாதிரி தெரிகிறது. அந்தக் கீழ்ச்சுவரின் வளைவு, கார் வீட்டைச் சுற்றித் திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்குப் பார்த்து வைத்ததாம். 1928-இல் ஆரம்பித்து 1931-இல் முடித்த வீட்டில்!

உள்ளே நுழைந்ததும் கூடத்தில் தனியாக ஒரு கைகழுவும் தொட்டி நிற்கிறது. வருகிறவர்கள் படம் எடுத்துத் தள்ளுகிறார்கள். வாசலிலேயே கால் கழுவிவிட்டு உள்ளே வந்து வளர்ந்த எனக்கு அதில் பெரிய ஆச்சரியம் இல்லை. நான் நின்றது சாய்தளத்தில்தான். வீட்டின் நடுவே, படிக்கட்டுக்குப் பக்கத்தில், கீழிருந்து மொட்டை மாடி வரைக்கும் ஏறுகிறது. படியில் ஏறும்போது காலைப் பார்ப்போம், இதில் ஏறும்போது வீட்டைப் பார்க்கிறோம். இரண்டு தடவை ஏறி இறங்கினேன்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. வரவேற்பறையின் பெரிய கண்ணாடிக்குப் பின்னால் நின்று, தளத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தேன். கூடத்தில் மழை பெய்கிறது, சாய்தளத்தில் பெய்கிறது, கார் நிறுத்தும் இடத்துச் சுவர் ஊறிக்கிடக்கிறது என்று வீட்டுக்காரி மேடம் சவோய் 1930-களில் கடிதம் மேல் கடிதம் எழுதினார். இப்படியே இருந்தால் குடியிருக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார். புகழ்பெற்ற ஆளைக் கூப்பிட்டுக் கட்டினாலும் கதை இதுதானா என்று, சொல்லக் கூடாது, கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. 1940-இல் குடும்பம் வெளியேறியது. போர்க்காலத்தில் ஜெர்மானியர்கள் தங்கினார்கள், பிறகு அமெரிக்கர்கள். பள்ளிக்கூடம் கட்டுவதற்காக வீட்டையே இடித்துவிட நினைத்ததும் உண்டு. உலகம் முழுக்க எதிர்ப்பு வந்து பிழைத்தது. பள்ளியை ஒட்டினாற்போலவே கட்டினார்கள், அதற்கு வைத்த பெயர் லெ கொர்பூசியே. 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது, கூடவே சட்டமன்றம், தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம் எல்லாம் இருக்கும் அவருடைய சண்டிகர் கேப்பிட்டல் வளாகமும் சேர்ந்தது.

குளியலறையை மட்டும் விட்டுவிடாதீர்கள். தொட்டிக்குப் பக்கத்திலேயே, முதுகைச் சாய்த்துப் படுக்க வளைவாக ஒரு திண்ணை, முழுக்கச் சின்னச் சின்ன ஓடு பதித்தது. படுத்துப் பார்க்க விடமாட்டார்கள்.

என் கைப்பேசியில் இருந்த படங்களில் பாதி கூரை மூலைகள்தான். ஊருக்கு வந்ததும் நம் கொத்தனாரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"வீடு நல்லாத்தாம்மா இருக்கு. வாட்டம் எந்தப் பக்கம் குடுத்திருக்காங்க?" என்றார்.